வெக்ஸிங்குக்குப் பின் மூன்று நாள்

மே மாதம் பிறந்தால் திருகோணமலையில் கடல் அடங்கிவிடும். மார்கழி, தையில் கரையை அடித்து நொறுக்கிய அலையைக் காணக் கிடைக்காது. உப்புவெளி, நிலாவெளி மணலில் ஆட்கள் நிறைவார்கள். புறாத்தீவுக்குப் படகு ஓடும். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருந்து லீவில் வந்த சொந்தக்காரர் வீட்டுக்கு வீடு நிற்பார்கள். கலியாணவீடும் சாமத்தியவீடும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நகரத்து பியூட்டி பார்லர்களில் மூச்சுவிட நேரமிருக்காது. கை, கால், அக்குள் என்று வெக்ஸிங் செய்துகொள்ளும் பெண்கள் (இப்போது ஜிம்முக்குப் போகும் பையன்களும் உண்டு) எழும்பும்போது கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்.

"அக்கா, பின்னேரம் நிலாவெளிக்குப் போறம். கடல்ல குளிக்கலாந்தானே?"

"இண்டைக்கு வேண்டாம் பிள்ளை. எரியும்."

எரியும் என்பது உண்மைதான். ஆனால் எரிவு அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். வேண்டாம் என்பதற்கு அதைவிடப் பெரிய காரணம் உண்டு. மெழுகு முடியை மட்டும் பிடுங்குவதில்லை, தோலின் மேற்படையிலும் ஒரு பங்கை உரித்துக்கொண்டு வருகிறது. அந்தப் படை மறுபடி கட்டி முடிய மூன்று நாள் வரை பிடிக்கும். அந்த மூன்று நாளும் எதைப் பூசலாம் என்று தேடுவதைவிட, எதையெல்லாம் செய்யாமல் விடலாம் என்று பார்ப்பதுதான் உண்மையான பராமரிப்பு. திருமலைக்காரருக்குச் செய்யாமல் விடவேண்டியவை கொஞ்சம் அதிகம். உச்சி வெயில், உப்புக்கடல், கன்னியா வெந்நீர், கச்சான் காற்று, குசினியில் இருக்கும் தேசிக்காய் என்று எல்லாமே இங்கே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன.

உரித்தெடுத்த வெக்ஸ் துணியைக் குப்பைக்கூடையில் போடுமுன் ஒருமுறை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உருப்பெருக்குக் கண்ணாடி ஒன்று இருந்தால் நல்லது. சில முடிகளின் அடியில் ஈரமான, வெளிறிய சிறு தடிப்பு தெரியும். வளர்ந்துகொண்டிருந்த முடியின் வேர்முனை அது, உறையோடு சேர்ந்து வந்திருக்கிறது. முடிக்கும் முடிக்கும் இடையில், மெழுகின் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு மங்கல் படிந்திருக்கும். அதில் பெரும்பகுதி தோல். மேற்றோலின் உச்சியில் இருந்த இறந்த கலங்கள் படலமாகக் கழன்று வந்திருக்கின்றன.

இப்படி ஒட்டி உரிப்பதைத் தோல் ஆய்வாளர்கள் ஒரு சோதனை முறையாகவே பல காலமாகச் செய்துவருகிறார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஹெர்மன் பிங்கஸ் 1951இல் சாதாரண ஒட்டு நாடாவைத் தோலில் ஒட்டி ஒட்டி உரித்து, உச்சிப்படையைப் படலம் படலமாகக் கழற்றிக் காட்டினார். இன்றைக்கும் ஒரு கிறீம் தோலைத் தேற்றுகிறதா என்று பார்க்க விரும்புகிறவர்கள் முதலில் நாடாவால் தோலைக் கெடுத்துவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். ஆய்வுகூடத்தில் வேண்டுமென்றே செய்யும் அந்தக் காயத்தையே பார்லரில் பணம் கொடுத்து வாங்கிக்கொள்கிறோம். இதைச் சொல்வது வெக்ஸிங்கைப் பழிப்பதற்கல்ல. காயம் என்று தெரிந்தால் காயத்துக்குரிய மரியாதையைக் கொடுப்போம் அல்லவா, அதற்காகத்தான்.

அந்த உச்சிப்படை உடம்பின் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீற்றர் தடிப்புத்தான், ஒரு தலைமுடியின் தடிப்பிலும் குறைவு. அதற்குள் 15, 20 அடுக்குக் கலங்கள் இருக்கின்றன. கலிபோர்னியாவின் பீட்டர் எலியாஸ் இதைச் செங்கற்சுவர் என்று விளக்கினார். கெரட்டின் நிறைந்த தட்டையான கலங்கள் செங்கல். அவற்றுக்கிடையே உள்ள செரமைட், கொலஸ்ட்ரோல், கொழுப்பமிலங்கள் சாந்து. உள்ளே இருக்கும் ஈரம் வெளியேறாமலும் வெளியே இருக்கும் கிருமியும் இரசாயனமும் உள்ளே இறங்காமலும் காப்பது இந்தச் சுவர். மெழுகு இழுபடும்போது மேல்வரிசைகள் பெயர்கின்றன, சாந்து வெளியே தெரிகிறது. கீழே உயிரோடிருக்கும் கலங்கள் உடனே வேலையைத் தொடங்கிவிடும். சில நிமிடங்களிலேயே புதுக் கொழுப்பு சுரக்க ஆரம்பிக்கும். அரை நாளில் ஏறத்தாழப் பாதி தேறும். முழுதாகத் தேற மூன்று நாள் வரை செல்லும், வயது போனவர்களுக்கு இன்னும் கூடும்.

முடி பிடுங்கிய இடத்தின் கதை வேறு. முடி நின்ற குழி ஒரு நாள், இரண்டு நாள் திறந்தே கிடக்கும். அந்த இழுவையில் குழியைச் சுற்றியுள்ள நரம்பு முனைகள் துடிக்கும், மாஸ்ட் கலங்கள் ஹிஸ்டமினைக் கொட்டும். அதனால்தான் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் சிவந்த சிறு தடிப்பு எழும்பி, ஒரே கடியாகக் கடிக்கிறது. இது நோயல்ல. சில மணி நேரத்தில், மிஞ்சினால் அடுத்த நாளில் தானாக வடியும். குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சுத்துணியைப் பத்து நிமிடம் போட்டால் போதும். இரண்டு நாள் கழித்துப் புதிதாகக் கிளம்பும் பரு, அதுவும் சிதல் வைத்தது என்றால், அப்போதுதான் கவனிக்க வேண்டும். குழிக்குள் கிருமி புகுந்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம். பெரும்பாலும் ஸ்டெபிலோகொக்கஸ் ஒரியஸ் என்ற, நம் மூக்கிலும் தோலிலும் சாதாரணமாகவே குடியிருக்கும் பக்டீரியாதான் அந்த வேலையைச் செய்யும்.

தொடர்ந்து வெக்ஸ் செய்தால் முடி அடியோடு போய்விடும் என்று சில பார்லர்களில் சொல்வார்கள். நம்ப வேண்டாம். மயிர்க்காலை மறுபடி கட்டும் தண்டுக்கலங்கள் வேர்முனையில் இல்லை, அதற்கு மேலே, முடியை நிமிர்த்தும் சிறுதசை வந்து பொருந்தும் மேட்டில் இருக்கின்றன. ஜோர்ஜ் கொட்சரெலிஸும் கூட்டாளிகளும் 1990இல் இதைக் காட்டினார்கள். மெழுகு வேர்முனையைக் கொண்டு போனாலும் அந்த மேடு இருந்த இடத்திலேயே இருக்கும். மூன்று முதல் ஆறு வாரத்தில் முடி திரும்பி வரும். கிண்ணியா, மூதூர் முஸ்லிம் வீடுகளில் அக்குள் முடியை 40 நாளுக்கு மேல் விடக்கூடாது என்ற மார்க்க வழக்கம் உண்டு. மெழுகு பிடிக்குமளவுக்கு, அதாவது அரைச் சென்ரிமீற்றர் அளவுக்கு முடி வளர ஆகும் காலமும் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடுகிறது.

இனி வெந்நீருக்கு வருவோம். நகரத்திலிருந்து அநுராதபுர வீதியில் சில கிலோமீற்றர் போனால் கன்னியா. சதுரமான ஏழு சின்னக் கிணறுகள் அருகருகே இருக்கும், கிணற்றுக்குக் கிணறு சூடு மாறும். இராவணன் தன் தாயின் கிரியைகளுக்காக உண்டாக்கியவை என்பது ஊர்க்கதை. அந்தியேட்டி செய்ய வருகிறவர்களும் சுற்றுலா வருகிறவர்களும் வாளியால் அள்ளித் தலையில் ஊற்றிக்கொள்வார்கள். எரிமலை எதுவும் அங்கே இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்குள்ள வெப்பத்தில் சூடேறி மேலே வருகிறது, அவ்வளவுதான். சூடும் உடல் வெப்பத்தை ஒட்டியோ கொஞ்சம் மேலாகவோதான் இருக்கும். சாதாரண நாளில் உடம்பு நோவுக்கு அதைப்போல இதம் வேறில்லை.

வெக்ஸ் செய்த நாளில் மட்டும் அந்த இதம் எதிராகத் திரும்பும். வெந்நீர் பட்டால் தோலின் நுண்குழாய்கள் விரியும். ஏற்கெனவே இரத்தம் கூடி வீங்கிய குழிகளுக்கு இன்னும் இரத்தம் பாயும். கடி அதிகமாகும், வேர்வை கொட்டும். கூடவே சூடான நீர் தோலின் கொழுப்பைக் கரைத்துக் கழுவுவதில் குளிர்நீரைவிடக் கெட்டிக்காரத்தனமானது, அதாவது புதிதாகப் பூசத் தொடங்கிய சாந்தையே கழுவிக்கொண்டு போகும். ஹோட்டல்களில் உள்ள வெந்நீர்த் தொட்டிக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. குளோரின் குறைந்த இளஞ்சூட்டு நீரில் சூடோமோனாஸ் என்ற பக்டீரியா நன்றாகப் பெருகும். அது திறந்த மயிர்க்கால்களுக்குள் புகுந்தால் ஓரிரு நாளில் கொத்துக் கொத்தாகச் சிதல் பருக்கள் வரும். இரண்டு நாள் போகட்டும், கன்னியா எங்கும் ஓடிவிடாது. வீட்டில் குளிப்பதென்றால் பச்சைத்தண்ணீர் அல்லது வெதுவெதுப்பான நீர், அதுவும் கொஞ்ச நேரம் போதும்.

கடலில் உப்பு லீற்றருக்கு 35 கிராம் அளவில் இருக்கிறது. உரிந்த தோலில் அது பட்டால் நரம்பு முனைகள் உடனே முறையிடும். உப்பு காயத்துக்கு நல்லது என்று சொல்லிச் சில தாய்மார் பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்புவதுண்டு. மருத்துவமனையில் காயம் கழுவும் உப்புநீரில் லீற்றருக்கு 9 கிராம்தான் உப்பு, அதுவும் கிருமி நீக்கியது. கடல் நீர் அதன் நான்கு மடங்கு உப்பு கொண்டது, கிருமி நீக்கப்படாதது. தோலில் காய்ந்து உப்புப் படியும்போது உள்ளிருக்கும் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். துவாயால் மணலோடு சேர்த்துத் தேய்த்தால் மிச்சப் படலமும் போய்விடும்.

கடற்கிருமிகளில் பெயர் சொல்லிப் பயப்படத்தக்கது விப்ரியோ வல்னிபிக்கஸ். சூடான, ஆற்றுநீர் கலந்து உப்புக் குறைந்த கடல்நீர் அதற்குப் பிடிக்கும். மாரியில் மகாவலி வெள்ளத்தோடு கொட்டியாரக் குடாவில் விழும்போது அப்படியான நீர் அங்கே சேர்கிறது. நல்ல உடல்நிலை உள்ள ஒருவருக்கு இந்தக் கிருமியால் தொல்லை வருவது மிக அரிது. ஈரல் நோயுள்ளவர்களும் சீனி வருத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்களும் புதுக் காயத்தோடும் புதிதாக வெக்ஸ் செய்த தோலோடும் குடாவில் இறங்காமல் இருப்பது நல்லது.

கச்சானைப் பற்றி அழகுக் குறிப்புப் புத்தகங்களில் ஒரு வரியும் இருக்காது. தென்மேல் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு கிழக்கே இறங்குகிறது. இறங்கும் காற்று அமுங்கிச் சூடேறும், ஒவ்வொரு கிலோமீற்றர் இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 பாகை. ஆனி, ஆடியில் பகல் முழுக்க உதட்டை வெடிக்க வைக்கும் அந்தக் காற்று இதுதான். சுவர் பெயர்ந்த தோலிலிருந்து நீர் ஆவியாகும் வேகம் சாதாரண தோலைவிடப் பல மடங்கு கூடியது, கச்சான் அதை இன்னும் விரட்டும். தோல் இறுகி, வெடித்து, கடிக்கத் தொடங்கும். கடித்தால் கை சும்மா இருக்காது. சொறிந்த இடத்தில் நகத்துக் கிருமி இறங்கும்.

இந்த இடத்தில்தான் ஏதாவது பூசத்தான் வேண்டும். தேங்காயெண்ணெயா என்று கேட்பீர்கள். பிலிப்பைன்ஸில் நடந்து 2004இல் வெளிவந்த ஓர் ஆய்வில் வறண்ட தோலுள்ள 34 பேருக்குச் சுத்தமான தேங்காயெண்ணெயையும் கனிம எண்ணெயையும் பூசிப் பார்த்தார்கள். இரண்டும் சமமாகவே தோலின் ஈரத்தைக் காத்தன. தேங்காயெண்ணெயில் உள்ள லோரிக் அமிலத்துக்குக் கிருமியை அடக்கும் குணமும் உண்டு. எனவே அம்மம்மாமார் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அந்த ஆய்வில் இருந்தது வறண்ட தோல், முடி பிடுங்கிய தோலல்ல. முதல் நாளில், வேர்வை வடியும் திருமலைச் சூட்டில், திறந்த குழிகளின் மேல் எண்ணெயைத் தடிப்பாகப் பூசி மேலே இறுக்கமான உடுப்பும் போட்டால் வேர்வையும் கிருமியும் உள்ளேயே அடைபடும். ஆகவே முதல் 24 மணி நேரம் வாசனையில்லாத, தண்ணீர்த்தன்மையான லோஷன் மெல்லியதாகப் போதும். எண்ணெயை அடுத்த நாள் இரவு முதல் பூசலாம். என்னைக் கேட்டால் இப்படித்தான் சொல்வேன். எண்ணெய் பிடிக்காத தோலென்றால் எண்ணெயே வேண்டாம்.

கற்றாழையும் நல்லதுதான், ஆனால் ஒரு கவனம் தேவை. மடலை வெட்டியதும் தோலுக்கடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். அது தோலை உறுத்தும். மடலைச் சிறிது நேரம் நிமிர்த்தி வைத்து அதை வடியவிட்டு, கழுவி, உள்ளே இருக்கும் தெளிந்த கூழை மட்டும் எடுக்க வேண்டும். பவுடர் போடுவது பழைய பழக்கம், தேவையில்லை. வாசனைத் திரவியத்தின் ஸ்பிரிட் எரிக்கும். டிஓடரன்டும் ஒரு நாள் பொறுக்கட்டும், குறிப்பாக வேர்வையை நிறுத்துவதற்கென்று விற்பவை. அவற்றில் சிலவற்றில் இருக்கும் அலுமினியம் குளோரைட் வேர்வையோடு சேர்ந்து சிறிதளவு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை உண்டாக்கும். அக்குளில் தீ வைத்த மாதிரி இருக்கிறது என்று சொல்வார்களே, அதற்கு இது ஒரு காரணம். சவர்க்காரமும் அப்படியே. நல்ல தோலின் pH அளவு 5ஐ ஒட்டியது, அதாவது அமிலம். குளியல் சவர்க்காரக் கட்டி 9, 10 அளவில் காரமானது. புதுச் சாந்தை உண்டாக்கும் நொதிகளுக்கு அமிலச் சூழல் வேண்டும். இரண்டு நாள் வெறும் தண்ணீரால் கழுவினால் எவரும் அழுக்காகிவிட மாட்டார்கள்.

தேசிக்காய்க்குத் தனியே ஒரு பத்தி வேண்டும், அது செய்யும் சேதம் அப்படி. கறுப்பைப் போக்கும், கிருமியைக் கொல்லும் என்று வெக்ஸ் செய்த அக்குளிலும் முழங்காலிலும் பாதித் தேசிக்காயைத் தேய்க்கிறவர்கள் நம்மிடையே ஏராளம். தேசிக்காயின் புளியிலும், அதைவிடத் தோலிலும், பியூரனோகூமரின் என்ற வகைப் பொருட்கள் உண்டு. இருட்டில் அவை சாதுவாக இருக்கும். வெயிலிலுள்ள புறவூதாக் கதிர் பட்டதும் தோற்கலங்களின் மரபணுவோடு பிணைந்து கலங்களைச் சாகடிக்கும். உடனே எதுவும் தெரியாது. ஒன்று இரண்டு நாள் கழித்து, கடற்கரைக்குப் போய் வந்ததையே மறந்த பிறகு, தோல் சிவந்து பொக்குளம் போடும். புளி வழிந்தோடிய பாதையிலேயே கோடு கோடாகக் கறுப்பு விழும், மாதக்கணக்கில் போகாது. கறுப்பைப் போக்கப் பூசியது கறுப்பைக் கொண்டு வருகிறது. உரிந்த தோலில் இது இன்னும் ஆழமாக இறங்கும்.

அப்படியானால் வீட்டில் காய்ச்சும் சீனி வெக்ஸிலும் தேசிக்காய்ப்புளி இருக்கிறதே? அங்கே அதற்கு வேறு வேலை. கொதிக்கும் பாகில் புளியின் அமிலம் சீனியை குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைக்கிறது. இவை கலந்திருந்தால் பாகு கல்லாக இறுகாமல் நீளும். சீனி தண்ணீரில் கரைவதால் கழுவவும் சுலபம். வெயிலில் இறங்குமுன் முழுதாகக் கழுவிவிடுங்கள், அவ்வளவே. சீனி வெக்ஸின் உண்மையான ஆபத்து சூடு. பாகு 120 பாகை வரை ஏறும், தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும். 60 பாகைச் சூடு ஐந்தே விநாடியில் தோலைப் பொசுக்கும் என்று 1947இலேயே மோரிட்ஸும் ஹென்ரிக்கஸும் அளந்து சொல்லிவிட்டார்கள். சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஓடவிடுங்கள். பற்பசையும் வேண்டாம், ஐஸ் கட்டியும் வேண்டாம்.

நம்மவர்கள் வெக்ஸிங் பற்றிச் செய்யும் முறைப்பாட்டில் முதலிடம் நோவுக்கல்ல, தழும்புக்கு. "கால் முழுக்கக் கறுப்புப் புள்ளி வந்திட்டுது" என்பார்கள். தோமஸ் பிட்ஸ்பற்றிக் 1975இல் தோல் வகைகளை வகுக்கத் தொடங்கியபோது வெள்ளைத் தோலைத்தான் மனதில் வைத்திருந்தார். நம்முடைய தோலுக்கு ஐந்தாம், ஆறாம் வகை பின்னால்தான் சேர்ந்தது. நாலாம் வகைக்கு மேலுள்ள நம் தோலின் இயல்பு என்னவென்றால், எந்த அழற்சிக்கும் மெலனினால் பதில் சொல்வது. கொசுக்கடி, பரு, சூடு, வெக்ஸ் எல்லாம் அதற்கு ஒன்றுதான். வீங்கிய குழியிலிருந்து வரும் இரசாயனச் செய்திகள் மெலனின் செய்யும் கலங்களைத் தூண்டும், அவை நிறத்தைச் சுற்றியுள்ள கலங்களுக்கு ஊட்டிவிடும். மேற்றோலில் தங்கிய நிறம் சில மாதங்களில் உதிர்ந்துவிடும். உட்தோலுக்கு இறங்கியது வருடக்கணக்கில் நிற்கும்.

வெயில் இந்தத் தூண்டலை இரட்டிப்பாக்கும். திருகோணமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலும் ஓகஸ்ட் முடிவிலும் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். நண்பகலில் புறவூதாச் சுட்டெண் 11ஐத் தாண்டுவது இந்த நாட்டில் சாதாரணம். அதற்கு மேலே உலகச் சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் வேறு படியே கிடையாது. உலர்ந்த கடற்கரை மணல் புறவூதாவில் 15 விழுக்காடு வரை திருப்பி அடிக்கும், அலை நுரை 25 வரை. குடைக்குக் கீழே இருந்தாலும் கீழிருந்து வருகிறது. அதோடு, அமெரிக்காவின் ஹென்றி போர்ட் மருத்துவமனையில் 2010இல் செய்த ஆய்வு ஒன்று கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கறுத்த தோலை நெடுநாள் கறுக்கச் செய்கிறது, வெள்ளைத் தோலில் அப்படி நடப்பதில்லை என்று காட்டியது. கடையில் விற்கும் வழக்கமான சன்ஸ்கிறீன் பலவும் புறவூதாவைத்தான் தடுக்கும், வெளிச்சத்தை விட்டுவிடும். இரும்பு ஒக்சைட் சேர்த்த, தோல் நிறத்திலுள்ளவை அதையும் ஓரளவு தடுக்கும். முதல் இரண்டு நாளுக்கு அதுகூட வேண்டாம். மணிக்கட்டு வரை சட்டையும் கணுக்கால் வரை தளர்ந்த பருத்தி உடுப்பும் போதும். நைலோனும் இறுக்கமான லெகிங்ஸும் அலுமாரியில் இருக்கட்டும்.

இந்தக் கறுப்புப் புள்ளிகளைச் சாக்கிட்டுத்தான் உண்மையான கேடு வீட்டுக்குள் வருகிறது. தெரிந்தவர் கொடுத்த டப்பா, பெயர் எழுதாத போத்தல், வெளிநாட்டு எழுத்துப் போட்ட குழாய். ஒரு கிழமையில் வெளுக்கும் என்பார்கள், வெளுக்கவும் செய்யும். ஏனென்றால் சிலவற்றில் பாதரசம் இருக்கும், சிலவற்றில் கடுமையான ஸ்டீரோயிட் இருக்கும். பாதரசம் மெலனின் செய்யும் டைரோசினேஸ் நொதியை முடக்கும், தோல் வழியே இறங்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். மினமாட்டா உடன்படிக்கை பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுக் கிறீம்களை 2020உடன் நிறுத்தச் சொன்னது. இலங்கை அதில் கைச்சாத்திட்ட நாடு. ஸ்டீரோயிட்டைத் தொடர்ந்து பூசினால் தோல் மெலியும், நிறுத்தினால் சிவந்து பொங்கும். இந்தியத் தோல் மருத்துவர்கள் 2011இல் வெளியிட்ட பல நகர ஆய்வில், முகப் பிரச்சினைக்காக வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீரோயிட் கிறீமை முகத்தில் பூசிக்கொண்டிருந்தார்கள். வெக்ஸ் தழும்புக்கு அவசரமே இல்லை. சொறியாமல், வெயில் படாமல் விட்டால் தானாகப் போகும் ஒன்றுக்காகச் சிறுநீரகத்தை அடகு வைப்பது எந்தக் கணக்கிலும் கட்டாது.

ஒரு கிழமை கழிந்ததும் வரும் இன்னொரு தொல்லை, தோலுக்குள்ளேயே சுருண்டு வளரும் முடி. சுருட்டை முடிக்காரருக்கு இது கூடுதல். புதுமுடியின் மெல்லிய நுனி வெளியே வர வழியில்லாமல் பக்கவாட்டில் துளைக்க, உடம்பு அதை முள் என்று நினைத்துப் போராடும். ஐந்தாறு நாள் சென்றபின் ஈரத்துணியாலோ மென்மையாக்கிய பீர்க்கம் நாராலோ வாரத்தில் இரண்டு தடவை மெதுவாகத் தேய்த்தால் வழி திறந்திருக்கும். சலிசிலிக் அமிலம் உள்ள லோஷனும் உதவும். ஊசியால் கிண்டுவதுதான் தழும்புக்கு நேர்வழி.

வெக்ஸே செய்யக்கூடாதவர்களும் உண்டு. பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை எடுப்பவர்கள், நிறுத்தி ஆறு மாதம் ஆகும் வரை பொறுக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் துண்டாகவே கழன்று வரலாம். ரெட்டினோயிட் கிறீம் பூசும் இடத்துக்கும் ஒரு கிழமையாவது இடைவெளி தேவை. மெழுகில் சேர்க்கும் பைன் பிசினுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும் உண்டு. முழுக்காலுக்கும் போடுமுன் முழங்கைக்கு உள்ளே சிறிது தொட்டுப் பார்ப்பது பழைய, நல்ல வழக்கம்.

பார்லரில் நீங்கள் கண்ணால் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: மெழுகு தொட்ட மரக்குச்சி மறுபடி சட்டிக்குள் போகிறதா என்று. மெழுகு சூடாகத்தானே இருக்கிறது, கிருமி செத்துவிடும் என்பார்கள். தோலில் பூசக்கூடிய சூடு கிருமியைக் கொல்லப் போதாது. கொல்லக்கூடிய சூடென்றால் உங்கள் தோலும் தப்பாது. ஒரு தடவை தொட்ட குச்சி குப்பைக்கு. அப்படிச் செய்யச் சொல்லிக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை, பணம் நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். அவுஸ்திரேலிய மருத்துவர்கள் 2007இல் ஒரு மருத்துவ இதழில் எழுதிய சம்பவம் இது: முதலாம் வகை நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாத 20 வயதுப் பெண், அந்தரங்கப் பகுதியில் வெக்ஸ் செய்து இரண்டு கிழமையில் உயிருக்கு ஆபத்தான ஸ்ட்ரெப்டோகொக்கஸ் தொற்றோடும் ஹெர்ப்பிஸ் புண்ணோடும் வைத்தியசாலையில் சேர்ந்தார். இது அபூர்வம்தான். ஆனால் சீனி வருத்தம் இல்லாத வீடு நம் ஊரில் அபூர்வமாகிக்கொண்டு வருகிறது.

ஆகையால் ஒரு வேண்டுகோள். வெக்ஸ் செய்த இடத்தில் சிவப்பு நாளுக்கு நாள் பரவினால், தொட்டால் கொதித்தால், சிதல் வைத்தால், காய்ச்சல் கண்டால் மஞ்சளும் தேசிக்காயும் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். திருகோணமலை வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டக் காசு வேண்டியதில்லை. வெட்கப்பட்டு நாளைக்குப் போகலாம் என்று இருக்கவும் வேண்டாம், சீனி வருத்தக்காரர் அன்றைக்கே போங்கள்.